ஊசி குத்தாமல் குழந்தையின் வலியைத் தணிக்க: கேஷுவாலிட்டிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கை முறிந்த ஆறு வயதுக் குழந்தை வருகிறது. வழக்கமாக நடப்பது என்ன? முதலில் லைன் (ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் குழாய்) போட வேண்டும் என்று இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஒருவர் நரம்பு தேடுவார். ஒரு கையில் கிடைக்காது, அடுத்த கை முறிந்த கை, பிறகு கால். வலி மருந்து உடம்புக்குள் போவதற்குள் முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும். அதற்குள் குழந்தை உங்களைக் கண்டாலே அலறும் நிலைக்கு வந்துவிடும். எக்ஸ்ரே, கட்டு, தையல் எல்லாம் இரண்டு மடங்கு கஷ்டமாகும்.

வரிசையை மாற்றினால் போதும். வாய், மூக்கு, தோல் மூன்றும் லைன் இல்லாமலே திறந்திருக்கும் வழிகள். வந்த பத்து நிமிடத்துக்குள் இவற்றில் ஏதோ ஒன்றின் வழியாக மருந்து போயிருக்க வேண்டும். லைன் தேவைப்பட்டால் வலி அடங்கிய பிறகு போடலாம். (ரத்த ஓட்டம் சரிந்த ஷாக் நிலை, மூச்சுத் திணறல், நினைவு தடுமாற்றம் என்று வரும் குழந்தைக்கு இந்த வரிசை பொருந்தாது. அங்கே உயிர் காக்கும் வேலைதான் முதலில்.)

இது ஹவுஸ் சர்ஜன்களுக்கும், அவசரப் பிரிவில் புதிதாகச் சேரும் செவிலியர்களுக்கும் எழுதப்பட்டது. மூக்குவழி மருந்துகள் வீட்டில் கொடுப்பதற்கானவை அல்ல. உங்கள் மருத்துவமனையின் எழுத்து வழிமுறை வேறு அளவு சொன்னால் அதைப் பின்பற்றுங்கள்.

1. ஷிஃப்ட் தொடங்கும்போதே அலமாரியைத் திறந்து பாருங்கள்

குழந்தை வந்த பிறகு தேடத் தொடங்கினால் தோற்றுவிட்டோம் என்றே அர்த்தம். கையெட்டும் தூரத்தில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: பாராசிட்டமால் சிரப், ஐபுபுரோஃபென் சஸ்பென்ஷன், வாய்வழி மருந்துக்கான ஊசியில்லா சிரிஞ்சு, மூக்கில் மருந்தைப் பனியாகத் தூவும் அட்டமைசர் முனை இரண்டு, 1 மி.லி. மற்றும் 2 மி.லி. சிரிஞ்சுகள், மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் ஃபென்டனில் (கடும் வலிக்கான மருந்து), மி.லி.க்கு 50 மி.கி. கெட்டமின் (அதற்கு மாற்று), நலாக்ஸோன் (ஃபென்டனிலுக்கு முறிமருந்து), குழந்தை அளவு மாஸ்க்குடன் ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை), சிறுவிரலில் நிற்கும் ஆக்ஸிமீட்டர் புரோப் (ரத்தத்தின் ஆக்ஸிஜனைக் காட்டுவது), ஸ்ப்ளின்ட் (முறிந்த இடத்தை அசையாமல் தாங்கும் பட்டை), கிளிங் ஃபிலிம் (உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் படலம்), மரத்துப்போகச் செய்யும் கிரீம், தோல் பசை.

கூடவே ஒரு கேள்வி: ஃபென்டனில் போன்ற போதைத்தன்மையுள்ள மருந்துகளைப் பூட்டிவைக்கும் நார்க்காட்டிக் அலமாரியின் சாவி இரவு யாரிடம் இருக்கும்? பல இடங்களில் மருந்து இருக்கும், சாவி ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு இதைக் கண்டுபிடிக்காதீர்கள்.

2. எடையை நிறுத்தே பாருங்கள்

எல்லா அளவும் கிலோக் கணக்கு. அம்மாவின் மடியை விட்டு இறங்காத குழந்தையென்றால் அம்மாவோடு சேர்த்து நிறுத்தி, பிறகு அம்மாவை மட்டும் நிறுத்துக் கழித்துக்கொள்ளுங்கள். அசைக்கவே முடியாத நிலையில் ஒன்று முதல் பத்து வயது வரை (வயது + 4) × 2 என்று தோராயம் பார்க்கலாம். உயரத்தை வைத்து எடை சொல்லும் வண்ண நாடா நம் ஊர்க் குழந்தைகளுக்கு, குறிப்பாகப் பத்துக் கிலோவைத் தாண்டியவர்களுக்கு, உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுவதுண்டு. ஃபென்டனில் போன்ற மருந்தில் அந்தக் கூடுதல் முக்கியம்.

அதே மூச்சில் பெற்றோரிடம் மூன்று கேள்விகள்: வீட்டில் என்ன சிரப் கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? “காய்ச்சல் மருந்து கொடுத்தோம்” என்ற பதில் போதாது. பாட்டிலையோ அதன் ஃபோட்டோவையோ பாருங்கள். நம் கடைகளில் பாராசிட்டமாலோடு ஐபுபுரோஃபெனோ மெஃபெனமிக் அமிலமோ கலந்த சிரப்புகள் ஏராளம்.

3. வலிக்கு ஒரு எண் கொடுங்கள்

பேச்சு வராத குழந்தைக்கு ஃப்ளாக் அளவுகோல்: முகம், கால், அசைவு, அழுகை, ஆறுதலுக்கு அடங்குதல், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 10. மூன்று நான்கு வயதுக்கு மேல் வலியைக் காட்டும் முகப்படங்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டச் சொல்லலாம். எட்டு வயதுக்கு மேல் “பூஜ்யம்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்கவே முடியாத வலி, உனக்கு எவ்வளவு?” என்று நேராகவே கேட்கலாம்.

இங்கே பெரிய பொறி, அமைதியாகக் கிடக்கும் குழந்தை. தீக்காயத்தோடு அசையாமல் படுத்திருப்பது வலி இல்லாததால் அல்ல, அசைந்தால் வலிக்கும் என்பதால். “ஆம்பளப் பையன் அழக்கூடாது” என்று வழி நெடுகச் சொல்லிக் கூட்டிவந்திருப்பார்கள். அவன் சொல்லும் எண்ணோடு, அடிபட்ட இடத்தைத் தொடும்போது முகம் போகும் போக்கையும் பாருங்கள்.

எண்ணைக் குறித்த நேரத்தையும் எழுதுங்கள். பிறகு எத்தனை நிமிடத்தில் இறங்கியது என்று சொல்ல அதுதான் ஆதாரம்.

4. மருந்துக்கு முன்பே செய்ய வேண்டியவை

முறிவு என்று சந்தேகம் வந்தால் ஸ்ப்ளின்ட்தான் முதல் வலி மருந்து. எக்ஸ்ரேக்குப் போய்வந்து கட்டலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். ஸ்ட்ரெச்சர் குலுங்கும் ஒவ்வொரு முறையும் எலும்பு நுனி அசையும்.

சுடுசாம்பார், டீ, வெந்நீர், பட்டாசு எதுவானாலும் தீக்காயத்துக்குக் குழாய்த் தண்ணீர் 20 நிமிடம். காயம் பட்டு மூன்று மணி நேரத்துக்குள் வந்தால்கூட இது பயன் தரும். ஐஸ் வேண்டாம். கைக்குழந்தைக்குப் பெரிய பரப்பில் காயம் என்றால் உடம்பு சில்லிட்டுப் போகும், மீதிப் பகுதியைப் போர்த்தி வையுங்கள். பேஸ்ட், பேனா மை, மாவு பூசி வந்திருந்தால் கழுவிவிட்டு, கிளிங் ஃபிலிமைத் துண்டு துண்டாகப் பரப்பி மூடுங்கள். சுற்றிக் கட்டினால் வீக்கம் வரும்போது இறுக்கிவிடும். காற்றுப் படாமல் மூடினாலே எரிச்சல் பாதி குறைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

குழந்தையை மல்லாத்திப் பிடிக்காதீர்கள். அம்மாவின் மடியில் நெஞ்சோடு நெஞ்சு சாய்த்தோ, முதுகை அம்மா மேல் சாய்த்தோ உட்காரவைத்தால் ஒருவரே போதும். அப்பா கையில் ஃபோன், அதில் பிடித்த வீடியோ. சோப்பு நுரைக் குமிழி ஊதச் சொன்னால் மூச்சு தானாக நிதானப்படும்.

சொல்லும் சொல்லிலும் கவனம் வேண்டும். “எறும்பு கடிக்கிற மாதிரிதான்”, “வலிக்கவே வலிக்காது” இரண்டும் அடுத்த நிமிடமே பொய்யாகிவிடும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது எதுவும் எடுபடாது. “அழுதா டாக்டர் ஊசி போட்டுடுவாங்க” என்று பெற்றோர் மிரட்டினால் அங்கேயே மெல்ல நிறுத்துங்கள்.

5. வாய்வழி: முதலில், சரியான அளவில்

பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. காய்ச்சலுக்குப் பழகிப்போன 10 மி.கி. கணக்கை வலிக்கும் கொடுத்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்பது அன்றாடம் நடப்பது. ஐபுபுரோஃபென் கிலோவுக்கு 10 மி.கி., ஒரு வேளைக்கு அதிகபட்சம் 400 மி.கி. இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாம். வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும், அதனால்தான் ட்ரையாஜ் மேசையிலேயே (வந்தவரை முதலில் பார்த்து அவசரம் பிரிக்கும் இடம்) கொடுக்க வேண்டும். 20 கிலோ குழந்தைக்கு ஐபுபுரோஃபென் 200 மி.கி., அதாவது 5 மி.லி.க்கு 100 மி.கி. உள்ள சஸ்பென்ஷனில் 10 மி.லி. பாராசிட்டமால் 300 மி.கி., அதாவது 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள சிரப்பில் 6 மி.லி., 120 மி.கி. உள்ளதில் 12.5 மி.லி.

உயிரை வாங்கும் பொறி இந்த அடர்த்தியில்தான் இருக்கிறது. 8 கிலோ கைக்குழந்தைக்கு வேண்டியது 120 மி.கி. நீங்கள் 120 மி.கி. சிரப்பை மனதில் வைத்து “5 மி.லி. கொடுங்க” என்று சொல்லி அனுப்புகிறீர்கள். வீட்டில் இருப்பதோ மி.லி.க்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து. குழந்தைக்குள் போவது 500 மி.கி., நான்கு மடங்குக்கும் மேல். மி.லி. மட்டும் சொல்லாதீர்கள். மி.கி., பாட்டிலின் அடர்த்தி, மி.லி. மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

ஐபுபுரோஃபெனை எப்போது ஒதுக்குவது: டெங்கு சந்தேகம் இருந்தால் கூடவே கூடாது. மழைக்காலத்தில் காய்ச்சலோடு உடம்பு வலி, வயிற்று வலி என்று வரும் குழந்தைக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை, வாந்தி பேதியில் வற்றிப்போன குழந்தை, சிறுநீரகக் கோளாறு, ரத்தக் கசிவு நோய் உள்ளவர்களுக்கும் வேண்டாம். மெஃபெனமிக் அமிலத்தைப் பொறுத்தவரை, அரிதான ஆனால் கடுமையான டிரெஸ் என்னும் ஒவ்வாமை பற்றி இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. பழக்கம் என்பதற்காக அதை எழுத வேண்டியதில்லை. நிமெசுலைடு 12 வயதுக்குக் கீழ் 2011 முதலே தடை. கோடீன், டிரமடால் இரண்டும் 12 வயதுக்குக் கீழ் வேண்டாம்: சில குழந்தைகளின் கல்லீரல் இவற்றை அதிவேகமாக மாற்றி மூச்சையே அடக்கிவிடும்.

“ஆபரேஷன் இருக்கலாம், வாய்வழி ஒன்றும் கொடுக்காதே” என்ற குரல் கட்டாயம் வரும். சில மி.லி. சிரப்பால் மயக்க மருந்துத் திட்டம் கெடுவது அரிது. மயக்க மருந்து மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். வயிற்று வலிக்கு மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்பதும் பழைய பயம்தான். வலி தணிந்த வயிறு பரிசோதிக்க இன்னும் எளிது.

6. மூக்குவழி: கடும் வலிக்கு

முறிவு, பெரிய தீக்காயம், மூட்டு விலகல், நீலகிரிப் பக்கம் பழங்குடிக் குழந்தைகளிடம் பார்க்கும் அரிவாளணு ரத்தசோகையின் வலி நெருக்கடி. இவற்றுக்குச் சிரப் மட்டும் போதாது. சிரப்பைக் கொடுத்த கையோடு மூக்குவழி ஃபென்டனில் கொடுங்கள். ஃபென்டனில் 5 முதல் 10 நிமிடத்தில் பிடிக்கும், அரை மணி முதல் ஒரு மணி நேரம் நிற்கும். அது இறங்கும் நேரத்தில் சிரப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கைமாற்றத்துக்காகத்தான் இரண்டும் சேர்ந்தே தொடங்குகின்றன.

அளவு கிலோவுக்கு 1.5 மைக்ரோகிராம், அதிகபட்சம் 100. மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் ஆம்ப்யூலில்:

10 கிலோ: 15 மைக்ரோகிராம், 0.3 மி.லி.
15 கிலோ: 22.5 மைக்ரோகிராம், 0.45 மி.லி.
20 கிலோ: 30 மைக்ரோகிராம், 0.6 மி.லி.
30 கிலோ: 45 மைக்ரோகிராம், 0.9 மி.லி.
40 கிலோ: 60 மைக்ரோகிராம், 1.2 மி.லி.

இதன் மேல் 0.1 மி.லி. கூடுதலாக இழுத்துக்கொள்ளுங்கள். அட்டமைசர் முனைக்குள்ளேயே தங்கிவிடும் மருந்து ஏறத்தாழ அவ்வளவு. இதை மறந்தால் பத்துக் கிலோ குழந்தைக்கு மூன்றில் ஒரு பங்கு போய்ச் சேராது, “மூக்குவழி எல்லாம் வேலை செய்யாது” என்று முடிவு கட்டிவிடுவோம்.

செய்முறை: மூக்கு ஒழுகினால் முதலில் துடைத்தோ உறிஞ்சியோ சுத்தம் செய்யுங்கள். குழந்தை அம்மா மடியில் பாதி சாய்ந்த நிலையில். ஒரு கை பின்தலையைத் தாங்கட்டும். முனையை நாசித்துவாரத்தில் இடைவெளியில்லாமல் பொருத்தி, அதே பக்கத்துக் காதின் மேல்நுனியை நோக்கிச் சாய்த்து, பிஸ்டனை ஒரே வேகத்தில் அழுத்துங்கள். மெதுவாக அழுத்தினால் பனி வராது, சொட்டும், தொண்டைக்கு ஓடும், விழுங்கிய மருந்து வீண். பாதி ஒரு பக்கம், பாதி மறுபக்கம். ஒரு துவாரத்துக்கு அரை மி.லி. வரை நன்றாக உறிஞ்சும், ஒரு மி.லி.க்கு மேல் போனால் வழிந்துவிடும். அதிகம் இருந்தால் சில நிமிட இடைவெளியில் பிரித்துக் கொடுங்கள். குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லலாம்: “பாப்பா, மூக்குல சில்லுன்னு தூறல் மாதிரி விழும். தொண்டைல கொஞ்சம் கசக்கும். சட்டுனு முடிஞ்சிடும்.” அது உண்மை, குழந்தை அதை நம்பும்.

பத்து நிமிடம் கழித்து எண்ணைத் திரும்பப் பாருங்கள். இன்னும் வலி கடுமையென்றால் முதல் அளவில் பாதி முதல் முழு அளவு வரை ஒருமுறை கொடுக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் மூத்த மருத்துவரைக் கூப்பிடுங்கள், இப்போது லைன் போடலாம்.

கொடுக்கக் கூடாதவை: நினைவு குறைந்த குழந்தை, மூக்கில் ரத்தம், முகத்திலோ மண்டையோட்டு அடியிலோ முறிவுச் சந்தேகம், மூச்சுக் கோளாறு. ஒரு வயதுக்குக் கீழ் மூத்த மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் வேண்டாம்.

ஃபென்டனில் இல்லையென்றால் கெட்டமின், கிலோவுக்கு 1 மி.கி. 20 கிலோவுக்கு 20 மி.கி., மி.லி.க்கு 50 மி.கி. குப்பியில் 0.4 மி.லி., கூடவே முனைக்கான 0.1. மி.லி.க்கு 10 மி.கி. அடர்த்தியுள்ள குப்பியும் வரும். அதை எடுத்தால் 2 மி.லி. ஆகும், மூக்கு கொள்ளாது. தலைசுற்றல், வாய்க் கசப்பு, கொஞ்சம் உளறல் வரலாம், பெரும்பாலும் தானே போய்விடும். பெற்றோரிடம் முன்பே சொல்லிவைத்தால் பதறமாட்டார்கள்.

ஒன்றை மட்டும் கலக்காதீர்கள். மிடஸோலம் மூக்கு ஸ்ப்ரே, டிரைகுளோஃபாஸ், புரோமெத்தசின் எதுவும் வலி மருந்து அல்ல. அவை தூக்கம் தரும், பயம் குறைக்கும். வலியோடு தூங்கும் குழந்தை தையல் ஊசி பட்டதும் துள்ளி எழும். ஃபென்டனிலோடு இவற்றைச் சேர்த்தால் மூச்சு அடங்கும் ஆபத்து பெருகும்.

7. கொடுத்த பிறகு

ஆக்ஸிமீட்டர் மாட்டியிருக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு எண்ணிக்கையும் விழிப்பும் பாருங்கள். எக்ஸ்ரேக்கு அனுப்பினால் கூடவே ஒருவர் போக வேண்டும், வார்டு பாய் மட்டும் தள்ளிக்கொண்டு போவது ஆகாது. மூச்சு குறைந்தால் முதலில் தட்டி எழுப்புங்கள், தாடையைத் தூக்குங்கள், ஆக்ஸிஜன், தேவையென்றால் ஆம்பு. நலாக்ஸோன் அதற்குப் பிறகு. மூச்சு நின்றுவிட்ட நிலையில் கிலோவுக்கு 0.1 மி.கி., அதிகபட்சம் 2 மி.கி. கடைசி மருந்திலிருந்து ஒரு மணி நேரமாவது ஆகாமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

8. தோல் வழி, வாயு வழி

ரத்தம் எடுக்கவோ லைன் போடவோ நேரம் இருந்தால் லிடோகெயின்–பிரிலோகெயின் கிரீம். கெட்டியாகப் பூசி, ஒட்டும் படலத்தால் மூடி, 60 நிமிடம். பத்து நிமிடத்தில் துடைத்துவிட்டுக் குத்தினால் பூசாததற்குச் சமம். ட்ரையாஜிலேயே இரண்டு இடத்தில் பூசிவிடுங்கள். கிழியாத தோலில் மட்டும். மூன்று மாதத்துக்குக் கீழ் அதிகபட்சம் ஒரு கிராம், ஒரு மணி நேரம், அதற்கு மேல் போனால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபின் ஏறி உதடு நீலமாகலாம்.

கிழிந்த காயத்துக்கு லிடோகெயின் 4%, அட்ரினலின் 0.1%, டெட்ராகெயின் 0.5% கலந்த ஜெல். மருத்துவமனை ஃபார்மசி தயாரித்துத் தந்தால் மட்டும் பயன்படுத்துங்கள், மேசையில் நீங்களே கலக்காதீர்கள். காயத்துக்குள் வைத்து 20 முதல் 30 நிமிடம், சுற்றித் தோல் வெளுத்தால் மரத்துவிட்டது. கண்ணருகிலும் வாய்க்குள்ளும் வேண்டாம். சின்ன, நேரான, இழுவிசை இல்லாத காயத்துக்குத் தையலே வேண்டாம், பசை போதும். தலையில் வெட்டு என்றால் இரு பக்க முடியையும் முறுக்கி ஒரு துளி பசை வைத்தாலே சேர்ந்துவிடும்.

கைக்குழந்தைக்குக் குத்துவதற்கு இரண்டு நிமிடம் முன் நாக்கில் 25% டெக்ஸ்ட்ரோஸ் 1 மி.லி., அல்லது தாய்ப்பால். குத்தி முடித்த பிறகு கொடுத்தால் பலனில்லை.

பிரசவ அறையில் பாதிக்குப் பாதி நைட்ரஸ் ஆக்ஸைடு–ஆக்ஸிஜன் இருந்தால் கட்டு மாற்ற அருமையான உதவி. மாஸ்க்கைக் குழந்தையே பிடிக்க வேண்டும், மயங்கினால் கை தானாக விழும். நெஞ்சில் காற்றுக் கசிவு, குடல் அடைப்பு, தலைக்காயம் இருந்தால் கூடாது.

9. பதிவேடும் செலவும்

ஃபென்டனில், என்டிபிஎஸ் என்னும் போதைப்பொருள் சட்டத்தில் அத்தியாவசிய நார்க்காட்டிக். மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையாக இருந்தால் வாங்கி வைக்கலாம். உங்கள் மருத்துவமனையில் அந்த அங்கீகாரம் யார் பெயரில் இருக்கிறது என்று ஃபார்மசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கெட்டமின் ஷெட்யூல் எக்ஸ் (கடும் கட்டுப்பாடுள்ள மருந்துப் பட்டியல்), தனிப்பூட்டு, தனிக்கணக்கு.

கணக்கு பெரும்பாலும் உதைப்பது மீதியில்தான். 20 கிலோ குழந்தைக்கு 2 மி.லி. ஆம்ப்யூல் உடைத்தால் 100 மைக்ரோகிராம். கொடுத்தது 30, முனையில் தங்கியது 5, மீதி 65. மூன்றையும் எழுதுங்கள். இரண்டாவது வேளை தேவையா என்று பத்து நிமிடம் பார்த்த பிறகே மீதியைக் கொட்டுங்கள், அதுவரை சிரிஞ்சில் குழந்தையின் பெயர், மருந்து, அடர்த்தி, நேரம் எழுதிய லேபிள். கொட்டும்போது சாட்சி ஒருவரின் கையெழுத்து அப்போதே. ஷிஃப்ட் முடிவில் சேர்த்துப் போடும் கையெழுத்துதான் தணிக்கையில் மாட்டும்.

விபத்து என்றால் ஏஆர் (விபத்துப் பதிவேடு) பதிவு வேண்டும்தான். ஆனால் ஏஆர் போட்ட பிறகுதான் மருந்து என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

மருந்துகள் விலை குறைந்தவை. செலவு வைப்பது அட்டமைசர் முனை, ஒன்றே நூறுகளில் போகும். அதனால் பூட்டிவைப்பார்கள், அல்லது கழுவித் திரும்பப் பயன்படுத்தச் சொல்வார்கள். ஒரு குழந்தைக்கு ஒன்று, அதே குழந்தையின் இரண்டாவது வேளைக்கும் அதுவே, பிறகு குப்பை. இண்டென்ட் (ஸ்டோர்ஸுக்கான கேட்புச் சீட்டு) போடும்போது, மிச்சமாகும் கேனுலா, டிரிப் செட், பிடித்துக்கொள்ளும் ஆள்களின் நேரம் இவற்றைச் சேர்த்து எழுதினால் ஸ்டோர்ஸில் கையெழுத்து கிடைப்பது சுலபம்.

10. வீட்டுக்கு அனுப்பும்போது

அடுத்த வேளை எத்தனை மணிக்கு என்று கடிகார நேரமாக எழுதுங்கள். பாராசிட்டமால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளைக்கு நான்கு முறைக்கு மேல் இல்லை. ஐபுபுரோஃபென் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சாப்பிட்ட பிறகு. முறிவென்றால் முதல் இரண்டு நாள் வலி வரும்வரை காத்திருக்காமல் நேரத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். கட்டுக்குக் கீழே விரல் நீலமானாலோ, மருந்துக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ உடனே திரும்பி வர வேண்டும். மருந்து மூடியில் எந்தக் கோடு வரை என்று பேனாவால் அடையாளம் போட்டு, அம்மாவையே ஒருமுறை அளந்து காட்டச் சொல்லுங்கள்.